லொறி வரும்வரை சும்மா நிற்காதீங்க

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் மாதர் சங்கத்தார், இளைஞர்கள், குடும்பத்தார் முன்னிலையில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய முதலுதவி உரை. அன்றைக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



மலையில் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன். நல்லா இருந்த மனுஷன் திடீரென்று விழுந்து, பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தால் பக்கத்தில் நிற்கிற நாம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அது. நின்றுபோன இருதயத்துக்கு வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தி வேலை கொடுப்பது. இதை டாக்டர்மார் சி.பி.ஆர். என்று சொல்வார்கள். படித்தவர்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. ரெண்டு கை இருந்தால் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூடப் பழகிக்கொள்ளலாம்.

நமக்கு இது ஏன் முக்கியம்

நம்ம தோட்டங்களில் ஒருவர் விழுந்தால் வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் கூட்டம் கூடும். பெண்கள் அழுவார்கள். ஒருவர் தண்ணி கொண்டு வந்து முகத்தில் அடிப்பார். ஒருவர் வாகனத்துக்கு ஓடுவார். துரை பங்களாவுக்குப் போன் போகும், தோட்டத்து டாக்டர் ஐயாவைத் தேடி ஆள் போகும். லொறியோ ஆட்டோவோ வரும்வரைக்கும் விழுந்தவர் அப்படியே கிடப்பார். வந்ததும் நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றுவார்கள். யாரும் சும்மா இருக்கவில்லை, எல்லோரும் ஓடியாடி உதவிதான் செய்தார்கள். ஆனால் அந்த நேரமெல்லாம் விழுந்தவருடைய மூளைக்கு ஒரு சொட்டு இரத்தம் போகவில்லை.

இருதயம் நின்று நாலு நிமிடம் போனால் மூளை கெடத் தொடங்கும். பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் விட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஒன்றும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்போது நம்ம இடத்தை நினைத்துப் பாருங்க. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ, ரங்கல, மடுல்கலை, எந்தப் பக்கமாக இருந்தாலும் கடைசி லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே எவ்வளவு நேரம்? அதற்குப் பிறகு வளைவும் பள்ளமுமாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். எவ்வளவு நல்ல வாகனம் இருந்தாலும் நாலு நிமிடத்தில் போய்ச் சேர முடியாது. கண்டி டவுனுக்குள்ளே இருக்கிறவர்களுக்குக்கூட அது கஷ்டம். அந்த முதல் நிமிடங்களில் பக்கத்தில் நிற்கிற நாம்தான் டாக்டர், நாம்தான் நர்ஸ்.

2020ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் அவர்கள் திடீர் மாரடைப்பால் காலமானபோது மலையகமே திகைத்துப் போனது. அவருக்கு வயது 55. மாரடைப்பு என்பது கிழடு தட்டியவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை என்பதை அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். நம்ம லயங்களிலும் நாற்பது, ஐம்பது வயதில் பிரஷரும் சீனி வியாதியும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. 2021 ஜூன் 12ஆம் திகதி டென்மார்க் நாட்டில் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்த கிறிஸ்டியன் எரிக்சன் என்ற வீரர் மைதானத்தின் நடுவே சுருண்டு விழுந்தார். வயது 29. இருதயம் நின்றுவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், அங்கேயே மின் அதிர்ச்சிக் கருவியையும் பயன்படுத்தினார்கள். அவர் பிழைத்தது மட்டுமில்லை, அடுத்த ஆண்டே உலகக் கிண்ணப் போட்டியிலும் விளையாடினார். அந்தக் கருவி நம்ம லயத்தில் இல்லை, உண்மைதான். ஆனால் கருவியும் டாக்டரும் வந்து சேரும்வரை மூளையைக் காப்பாற்றி வைக்கிற வேலையைச் செய்வது கை. அது நம்மிடம் இருக்கிறது.

நெஞ்சை அழுத்துவதால் என்ன நடக்கிறது

இருதயம் ஒரு தண்ணிப் பம்பு மாதிரி. பம்பு நின்றாலும் குழாயில் தண்ணி இருக்கும், ஓடாது, அவ்வளவுதான். அதே மாதிரி இருதயம் நின்றதும் உடம்பில் உள்ள இரத்தத்தில் சில நிமிடத்துக்குப் போதுமான பிராண வாயு இருக்கும். நாம் நெஞ்செலும்பை அழுத்தும்போது உள்ளே இருக்கிற இருதயம் நசுங்கி இரத்தத்தை வெளியே தள்ளும். கையை விடும்போது மறுபடி நிரம்பும். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்ற மூன்று பேர், நெஞ்சைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இதைச் செய்யலாம் என்று எழுதிக் காட்டினார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்கச் சாதாரண ஜனங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது

ஒருவர் விழுந்தால் மூன்று விஷயத்தைப் பாருங்க. ஒவ்வொன்றுக்கும் சில வினாடிதான்.

ஒன்று, இடம் ஆபத்தில்லாத இடமா? கரண்ட் கம்பி கிடக்கிறதா, குளவி சுற்றுகிறதா, மரம் முறிகிறதா? நாமும் விழுந்தால் ரெண்டு பேரைத் தூக்க வேண்டி வரும்.

ரெண்டு, ஆளுக்கு நினைவு இருக்கிறதா? ரெண்டு தோளையும் பிடித்துத் தட்டி, "ஐயா, ஐயா! கண்ணைத் திறங்க!" என்று சத்தமாகக் கூப்பிடுங்க. முனகினால், அசைந்தால், நெஞ்சை அழுத்தத் தேவையில்லை.

மூன்று, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா? நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்க. பத்து வினாடிக்கு மேல் இதற்குச் செலவழிக்கக் கூடாது. நாடி பிடித்துப் பார்க்கப் போகாதீங்க. அவசரத்தில் நம்ம விரலின் துடிப்பே அவருடைய துடிப்பு மாதிரித் தெரியும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இருதயம் நின்றவர் சில நேரம் வாயைத் திறந்து, மீன் கரையில் கிடந்து திணறுகிற மாதிரி, விட்டு விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். குறட்டை மாதிரிச் சத்தம்கூட வரும். "மூச்சு இருக்குது, இருக்குது" என்று நாம் சந்தோஷப்பட்டு நின்றுவிடுவோம். அது மூச்சு இல்லை. சிலருக்கு விழுந்த உடனே வலிப்பு மாதிரி ஒரு சின்ன உதறலும் வரும். ஆகவே இதை மட்டும் ஞாபகம் வையுங்க: கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை, அப்படியென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் தொடங்க வேண்டும்.

பதில் இல்லை, ஆனால் மூச்சு ஒழுங்காக ஓடுகிறது என்றால் அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்க. வாந்தி வந்தாலும் தொண்டையில் அடைக்காது. மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்க.

1990க்கு என்ன சொல்வது

1990 என்ற அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலை 28ஆம் திகதி இந்திய அரசின் நன்கொடையோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு தொடங்கியது. பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. சுவசெரிய என்று சொல்வார்கள். பணம் கேட்க மாட்டார்கள். வண்டியில் பயிற்சி பெற்றவர் இருப்பார். இது நமக்குச் சும்மா கிடைத்த பெரிய உதவி. ஆனால் வண்டி நம்ம லயத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே?

நம்ம தோட்டங்களுக்கு ரெண்டு பெயர். துரைமார் எழுதுகிற பெயர் ஒன்று, நாம் தலைமுறையாகச் சொல்கிற தமிழ்ப் பெயர் இன்னொன்று. போனில் தமிழ்ப் பெயரை மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு வரைபடத்தில் அது கிடைக்காது. சம்பளச் சீட்டில் இருக்கிற தோட்டப் பெயரைச் சொல்லுங்க. அதோடு டிவிஷன், லய நம்பர், பக்கத்து டவுன், கோயிலோ ஸ்டோரோ ஸ்கூலோ எது அடையாளம், வாகனம் எதுவரை வரும், எல்லாம் சொல்லுங்க. "ஆளுக்கு நினைவு இல்லை, மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்துகிறோம்" என்று இந்த வார்த்தைகளையே சொல்லுங்க. "ஆள் சீரியஸ்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. போனை அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீங்க. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்திக்கொண்டே கேளுங்க.

சிக்னல் இல்லாத மலையில் என்ன செய்வது? பெரிய சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. வருகிறவர்களில் ஒருவர் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போனோடு ஓட வேண்டும். இன்னொருவர் பெரிய ரோட்டுச் சந்திக்குப் போய், ராத்திரியென்றால் டோர்ச் லைட்டோடு, அம்புலன்ஸுக்குக் கை காட்ட நிற்க வேண்டும். யாருமே இல்லாமல் நீங்கள் தனியாக இருந்து, கையில் போனும் இல்லை என்றால், முதலில் ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டுவிட்டு உடனே திரும்பி வந்து அழுத்துங்க.

நெஞ்சை அழுத்தும் முறை

இப்போது தலையணையை வைத்துச் செய்து காட்டினோம். வாசிப்பவர்கள் வீட்டில் ஒரு இறுக்கமான தலையணையைத் தரையில் போட்டுக்கொண்டு படிப்படியாகச் செய்து பாருங்க. உயிருள்ள, நல்லா இருக்கிற ஆள்மேல் பழகக் கூடாது.

1. ஆளை மல்லாக்கப் படுக்க வையுங்க. கீழே கெட்டியான தரை இருக்க வேண்டும். கட்டிலில், மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். படுக்கை விரிப்போடு பிடித்து இழுத்துச் சிமெந்துத் தரையில் இறக்குங்க. மலையில் விழுந்தால் கான் ஓரத்திலோ சரிவிலோ விடாமல், பக்கத்தில் உள்ள சமமான பாதைக்குக் கொண்டு வாங்க. கூடையையும் படங்கையும் அவிழ்த்துவிடுங்க. தடித்த கோட்டு, சுவெட்டர் இருந்தால் விலக்கிவிடுங்க.

2. அவருடைய பக்கத்தில், நெஞ்சுக்கு நேராக முழங்கால் போட்டு உட்காருங்க.

3. நெஞ்சின் நடுவே இருக்கிற எலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்க. இடது பக்கம் போகக் கூடாது, வயிற்றின் மேலும் போகக் கூடாது, நடுவில்தான். அந்தக் கைக்கு மேல் மற்றக் கையை வைத்து விரல்களைக் கோர்த்துக்கொள்ளுங்க.

4. முழங்கையை மடக்காமல் நேராக வைத்து, உங்கள் தோள் அவருடைய நெஞ்சுக்கு மேலே வரும்படி குனியுங்க. கை பலத்தால் அல்ல, உடம்பின் பாரத்தால் அழுத்துங்க. ரொட்டி மாவைக் கையை நீட்டி, உடம்பு பாரம் கொடுத்துப் பிசைகிற மாதிரி. கையால் மட்டும் குத்தினால் ஒரு நிமிடத்தில் களைத்துப் போவீங்க.

5. ஒவ்வொரு அழுத்தமும் ரெண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் நீளம். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பலபேர் பயந்து பயந்து தடவிக்கொடுக்கிற மாதிரி அழுத்துவார்கள். அது போதாது.

6. அழுத்தியதும் நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்க. கையை எடுக்கத் தேவையில்லை, பாரத்தை மட்டும் எடுங்க. நெஞ்சு மேலே வந்தால்தான் இருதயத்தில் இரத்தம் நிரம்பும்.

7. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சத்தமாக எண்ணுங்க: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மணிக்கூட்டை வைத்துப் பாருங்க, முப்பது எண்ணி முடிக்க 15 முதல் 18 வினாடி ஆக வேண்டும். அதற்கு முன் முடிந்தால் வேகம் அதிகம், பிந்தினால் மெதுவு. வீட்டில் ரெண்டு மூன்று தரம் செய்து பார்த்தால் கைக்குத் தாளம் பிடித்துவிடும்.

8. ரெண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாறுங்க. "எனக்குக் களைக்கவில்லை" என்று வீரம் பேச வேண்டாம். நமக்குத் தெரியாமலே அழுத்தம் குறைந்துவிடும். மாறுகிறவர் எதிர்ப் பக்கத்தில் முழங்கால் போட்டுத் தயாராக இருக்க வேண்டும். கை மாறுகிற இடைவெளி ரெண்டு மூன்று வினாடிக்கு மேல் போகக் கூடாது. அழுத்தத்தை நிறுத்தினால் மூளைக்கு இரத்தமும் நின்றுவிடும்.

வாயில் மூச்சு ஊதுவது

பழைய காலத்தில் முதலில் மூச்சு ஊது, பிறகு அழுத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2010ஆம் ஆண்டில் அது மாறியது. இப்போது பெரியவர்களுக்கு முதலில் அழுத்தம்தான். பழகாதவர்கள், மூச்சு ஊத விரும்பாதவர்கள், அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும். நம்ம ஜனங்களுக்கு இந்தியாவில் 2017இல் டாக்டர்மார் வகுத்த முறையும் இப்படித்தான், அழுத்தம் மட்டும்.

பழகியவர்கள் முப்பது அழுத்தத்துக்கு ரெண்டு மூச்சுக் கொடுக்கலாம். நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, நாடியைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஒரு வினாடி ஊத வேண்டும். நெஞ்சு உயர்கிறதா என்று பாருங்க. ரெண்டு மூச்சும் சேர்த்துப் பத்து வினாடிக்குள் முடித்துவிட்டு மறுபடி அழுத்தத்துக்குத் திரும்ப வேண்டும். தண்ணியில் மூழ்கியவருக்கு மூச்சு ஊதுவது கட்டாயம் நல்லது, ஏனென்றால் அவருடைய இரத்தத்தில் பிராண வாயு முன்பே தீர்ந்திருக்கும்.

நம்ம இடங்களில் நடக்கிற சங்கதிகள்

கரண்ட் பிடித்தால்: லயத்துக்குள்ளே இழுத்த வயர், பன்றிக்குக் கட்டிய கம்பி, எதுவானாலும் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்க. அதுவரை ஆளைத் தொடாதீங்க. லைன் கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபைக்குச் சொல்லி நிறுத்தும்வரை பக்கத்திலேயே போகக் கூடாது.

மின்னல் அடித்தால்: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். மின்னல் பட்டவருடைய உடம்பில் கரண்ட் நிற்காது. உடனே தொடலாம். ஆபத்தில்லாத இடத்துக்குக் கொண்டுவந்து அழுத்துங்க. மின்னலால் நின்ற இருதயம் உடனே உதவி கிடைத்தால் மறுபடி ஓட நல்ல வாய்ப்பு உண்டு.

குளவி கொட்டினால்: கூட்டை விட்டு வெகு தூரம் ஆளைக் கொண்டு போங்க. முகம் வீங்கி, மூச்சு முட்டினால் நிமிடத்துக்குள் ஆள் விழலாம். முன்கூட்டியே 1990க்குச் சொல்லிவிடுங்க. மூச்சு நின்றால் அழுத்தம்.

மருந்து குடித்தவர், மருந்து அடிக்கும்போது விழுந்தவர்: நெஞ்சை மட்டும் அழுத்துங்க. வாயோடு வாய் வைக்காதீங்க. அவருடைய வாயிலும் உடுப்பிலும் உள்ள நஞ்சு உங்களுக்கும் ஏறும்.

செய்யக் கூடாதவை

நினைவில்லாதவர் வாயில் தண்ணி, சோடா, தேத்தண்ணி ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போகும். கையில் சாவி, இரும்பு கொடுப்பதாலும், உள்ளங்காலைத் தேய்ப்பதாலும் நின்ற இருதயம் ஓடாது, நேரம்தான் போகும். உட்கார வைத்துப் பிடிக்கக் கூடாது, இரத்தம் மூளைக்கு ஏறாது. மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்கப் பார்க்கக் கூடாது. சுற்றிலும் கூட்டமாக நின்று காற்றை மறைக்கவும் வேண்டாம், வீடியோ எடுக்கவும் வேண்டாம்.

லொறி விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். ஓடுகிற லொறியில், குலுங்குகிற ரோட்டில் ஒழுங்காக நெஞ்சை அழுத்த முடியாது. ஆகவே மூச்சில்லாதவரைத் தூக்கி ஏற்ற அவசரப்படாமல், விழுந்த இடத்திலேயே தொடங்கி, அம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்க. அம்புலன்ஸ் வரவே முடியாத நிலை என்றால் 1990இல் பேசுகிறவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்க. நெஞ்சு வலி என்று நினைவோடு உட்கார்ந்திருக்கிறவர் வேறு சங்கதி. அவரை நடக்க வைக்காமல், பேசிக்கொண்டே, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சில் பாரம், இடது கை, தோள், தாடைக்கு ஏறுகிற வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குதல், இதெல்லாம் அடையாளம். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சபையில் கேட்ட கேள்விகள்

"பொம்பளை விழுந்தால் ஆம்பளை நெஞ்சிலே கை வைக்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டார். எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி இது. வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். கை வைப்பது எலும்பின் மேல். பெண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் தொடங்கட்டும், சீலையால் சுற்றி மறைப்புப் பிடிக்கட்டும். பெண்கள் இல்லையென்றால் வெட்கத்துக்காக உயிரை விடக் கூடாது. இந்தப் பேச்சை ஒவ்வொரு வீட்டிலும் கணவன் மனைவி, அண்ணன் தங்கை இப்போதே பேசி வையுங்க. அந்த நேரத்தில் பேச நேரமிருக்காது. மாதர் சங்கத்தார் முதலில் பழக வேண்டும் என்று நான் கேட்பதும் இதற்காகத்தான்.

"பிள்ளைத்தாய்ச்சி விழுந்தால்?" அதே இடத்தில், அதே மாதிரி அழுத்துங்க. வயிறு பெரிதாக இருந்தால் இன்னொருவர் வயிற்றைத் தாயின் இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாய் பிழைத்தால்தான் பிள்ளை.

"எலும்பு முறிந்தால் எங்கள் மேல் பழி வராதா?" என்று ஒரு தம்பி கேட்டார். விலா எலும்பு முறியலாம், சத்தம்கூடக் கேட்கும். அதற்காக நிறுத்தாதீங்க, கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்க. முறிந்த எலும்பு கூடும். பொலிஸ் வந்து கேட்டால் பார்த்ததைப் பார்த்தபடி, செய்ததைச் செய்தபடி சொல்லுங்க.

"அழுத்தினால் நிச்சயம் பிழைப்பாரா?" இதற்குப் பொய் சொல்ல மாட்டேன். இருதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் எவ்வளவு செய்தாலும் பிழைப்பதில்லை. ஆனால் உடனே அழுத்தத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு ரெண்டு மூன்று மடங்கு கூடும். செய்தும் ஆள் போய்விட்டால் அது உங்கள் குற்றம் இல்லை. செய்தவரைக் குடும்பத்தார் குறை சொல்லவும் கூடாது. இதையும் இப்போதே மனதில் வையுங்க.

"எதுவரைக்கும் அழுத்துவது?" ஆள் அசைந்து ஒழுங்காக மூச்சு விடும்வரை, அல்லது அம்புலன்ஸ்காரர் வந்து பொறுப்பு எடுக்கும்வரை, அல்லது மாற ஆளில்லாமல் உங்களுக்குச் சுத்தமாக முடியாமல் போகும்வரை.

"சின்னப் பிள்ளைகளுக்கும் இப்படியா?" சின்னப் பிள்ளைகளுக்கு முறை கொஞ்சம் வேறு, மூச்சு ஊதுவதும் அவசியம். அதைப் பிள்ளை மடுவத்தில் தனியாகப் பழக வேண்டும்.

ஒவ்வொரு லயமும் செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் மறந்துவிடும். அதனால் நாலு வேலை சொல்கிறேன்.

முதலாவது, லயத்துக்கு நாலு பேரைத் தெரிவு செய்யுங்க. ரெண்டு பெண், ரெண்டு ஆண். பகலில் எல்லோரும் மலைக்குப் போய்விடுவதால், வீட்டில் இருக்கிற ஒருவராவது அதில் இருக்க வேண்டும். மலையில் வேலை செய்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் ரெண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கங்காணிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

ரெண்டாவது, இஸ்தோப்புச் சுவரில் ஒரு அட்டையை ஒட்டுங்க. 1990, தோட்டத்தின் எழுத்துப் பெயர், டிவிஷன், லய நம்பர், வாகனம் நிற்கும் இடம், டாக்டர் ஐயாவின் போன் நம்பர். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்க. ஸ்கூல் பிள்ளைகளிடம் சொன்னால் அழகாக எழுதித் தருவார்கள். பதற்றத்தில் நம்ம வீட்டு நம்பரே மறந்துபோகும். அட்டையைப் பார்த்து வாசித்தால் போதும்.

மூன்றாவது, மாதம் ஒருதரம் பத்து நிமிடம் தலையணையில் பழகுங்க. ரெண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பாருங்க. எவ்வளவு களைப்பு என்று அப்போதுதான் தெரியும், ஆள் மாறுவது ஏன் என்றும் விளங்கும். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் பொம்மை வைத்து முறையாக முதலுதவி பழக்குகிறார்கள். வாசித்துத் தெரிந்துகொண்டது அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் நலன்புரிக் காரியாலயத்தில் எழுதி வையுங்க.

நாலாவது, பிரஷர், சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர்கள் "இப்போ நல்லா இருக்குது" என்று நிறுத்தாதீங்க. கிளினிக் நாளில் அரைநாள் பேர் போனாலும் போய் வாங்க. வெற்றிலையோடு போடுகிற புகையிலையும், சுருட்டு பீடியும் இருதயத்துக்குக் கேடு. நெஞ்சை அழுத்தத் தேவையே வராமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

இப்போது போகிறதுக்கு முன்னால் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து தலையணையில் முப்பது தரம் அழுத்திவிட்டுப் போங்க. வயசானவர்களும் வாங்க. முழங்கால் போட முடியாவிட்டால் எண்ணுகிற வேலையைச் செய்யலாம். மேட்டு லயத்துக்காரர்களுக்குத் தூரம் என்பதால் அவர்கள் முதலில் வரட்டும்.